புதன்கிழமைக் கூட்டத்தில் ஒரு நிமிடம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

முதலில் வேலை விஷயம். குளிரறைக் கதவு ரப்பர் ஆறு வேண்டும், பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு. மாதிரிக்குத் துண்டுகளை இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மூலை ஒட்டுவதை நீயே செய். இங்கே ஒருவனிடம் கொடுத்துப் பார்த்தேன், மூன்றாம் நாளே வாயைப் பிளந்துவிட்டது.

இனி எனக்கு போன் பண்ணாதே என்றாய், பண்ணவில்லை. பஸ் பார்சலில் கடிதம் வைக்காதே என்று நீ சொல்லவில்லை. அதனால் வைக்கிறேன்.

அப்பாவின் பட்டறையை உன்னிடம் விட்டுவிட்டு வந்து நான் இந்த ஊரில் தனி ஆபீஸ் போட்டு நான்கு மாதம் ஆகிறது. இங்கே தொழில் செய்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, அதில் சேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஏழு மணிக்கு ஓட்டல் மாடியில் கூட்டம். அறுபது பேர் வருவார்கள். ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலிதான். குளிர்சாதனத்துக்கு நான், பெயிண்டுக்கு ஒருவர், பூச்சிமருந்துக்கு ஒருவர். ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து பேசலாம், அறுபதாவது விநாடியில் செயலாளர் மணி அடித்துவிடுவார். பிறகு டீ, பிஸ்கட், கைகுலுக்கல், கார்டு பரிமாற்றம்.

இதுவரை நானூறு கார்டு கொடுத்துவிட்டேன். ஒரு போன்கூட வரவில்லை அக்கா. பூச்சிமருந்துக்காரருக்கு வாரம் இரண்டு வேலை வருகிறதாம். என்னைவிட அவன் எந்த விதத்தில் உசத்தி? நான் ஒரு கூட்டத்தில் நாற்பது பேரிடம் பேசுகிறேன். அவன் நாலு பேரிடம் பேசிவிட்டு ஓரமாக நிற்கிறான்.

ஆறு மாதத்துக்குள் புது வேலை ஒன்றாவது பிடித்துக் காட்டாவிட்டால் நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஒருவன் வரிசையில் நிற்கிறான்.

அன்று அந்தக் கண்காட்சியில் நான் சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். பெரிய மனிதர் ஒருவர் "இவங்க யாரு?" என்று திடீரென்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். அதற்காக நான்கு மாதமா?

தம்பி

---

பிப்ரவரி 14

தம்பிக்கு,

ரப்பர் ஆறும் அனுப்பியிருக்கிறேன். மூலைகளைச் சூட்டுத் தகட்டில் ஒட்டியிருக்கிறேன். இழுத்துப் பார், உன் கைதான் வலிக்கும். மாட்டும்போது கதவுச் சட்டத்தைத் துடைக்கச் சொல். உன் ஆட்கள் துடைக்கமாட்டார்கள், பிறகு ரப்பரைக் குறை சொல்வார்கள்.

வாயில் வந்ததைச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். வந்தது என்ன என்பதையும் எழுதியிருக்கலாம். "எங்க அக்கா, ஆபீஸ்ல பில்லு போடுறாங்க." அன்று காலைதான் ஓர் ஐஸ்கிரீம் கிடங்கில் கம்ப்ரசரை இறக்கி ஏற்றிவிட்டு வந்திருந்தேன். நகத்தில் கிரீஸ் போகவில்லை என்று கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்பாவிடம் பதினாறு வருடம், அவருக்குப் பிறகு ஒன்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை அது. உனக்கு ஸ்பேனரில் எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே சந்தேகம். நான் பில் போடுகிறவளாம்.

நான்கு மாதம் போதாது. நாற்பது மாதமானாலும் மறக்கமாட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நாற்பது பேரிடம் பேசுகிறேன் என்கிறாய். அவர்களில் ஒருவராவது உன்னிடம் பேசினார்களா? அவர் இடத்தில் என்ன ஓடுகிறது, எது நிற்கிறது, எதனால் அவருக்குத் தலைவலி, இதில் ஏதாவது ஒன்று உனக்குத் தெரியுமா? பூச்சிமருந்துக்காரர் நாலு பேரிடம் பேசுகிறார் என்றால் அந்த நாலு பேர் வீட்டுக் கரப்பான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கார்டை வாங்கினால் அவர் என்ன விற்கிறார் என்று பார்க்காதே. அவருக்கு என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுது. இரண்டு நாளுக்குள் கூப்பிடு. மூன்றாம் நாள் உன் முகம் அவருக்கு மறந்திருக்கும்.

இன்னொன்று. உன் கார்டை எடுத்து ஒரு தடவை படி. அதை வாங்குகிற ஆள் மாதிரி படி. கட்டாயம் செய்.

அம்மா நன்றாக இருக்கிறாள். பார்சல் வந்ததும் "ரேடியோ என்ன எழுதியிருக்கு?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். "வழக்கம்போல ஓடிக்கிட்டிருக்கு" என்றேன்.

அக்கா

---

மார்ச் 3

அக்காவுக்கு,

ரப்பர் கிடைத்தது, மாட்டியாகிவிட்டது. சட்டத்தைத் துடைத்தார்கள், நானே பக்கத்தில் நின்றேன்.

கார்டைப் படிக்கச் சொன்னாய். அதில் படிக்க என்ன இருக்கிறது? பழைய கார்டைக் கொடுத்து விலாசத்தை மட்டும் மாற்றச் சொல்லி அச்சடித்தது. ஆனால் தாள் அப்படி இல்லை. தடிமன் அட்டை, ஓரத்தில் தங்கக் கோடு, வாங்குகிறவர்கள் எல்லாரும் தடவிப் பார்க்கிறார்கள்.

என் ஒரு நிமிடமும் மோசம் இல்லை. "உங்கள் குளிர், எங்கள் பொறுப்பு!" என்று ஆரம்பிப்பேன். கைதட்டல் வரும். கைதட்டியவர்கள் ஏன் கூப்பிடுவதில்லை என்பதுதான் புரியவில்லை.

இப்போது உண்மையான விஷயம். பிப்ரவரி 19 கூட்டத்துக்கு ஒரு பெரிய மருந்துக் கிடங்கின் மேனேஜர் அம்மா விருந்தினராக வந்தார். ஆறு குளிரறை இருக்கிறதாம். ஆறுக்கும் சேர்த்து வருடப் பராமரிப்பு ஒரே ஆளிடம் கொடுக்கப் போகிறார்களாம். டீக் கோப்பையோடு அவரை ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு பதினோரு நிமிடம் பேசினேன், கடிகாரம் பார்த்தேன். நம் கம்பெனியின் வரலாறு, என் திட்டம், அடுத்த வருடம் திறக்கப்போகும் கிளை, எல்லாம் சொன்னேன். கார்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு "கூப்பிடுறேன்" என்றார்.

பன்னிரண்டு நாள் ஆகிறது. நானாகப் போய் நிற்கலாமா? கெஞ்சுவதாகத் தெரியாதா? இந்த ஆறு அறை கிடைத்தால் நான் நிமிர்ந்துவிடுவேன். கிடைக்காவிட்டால் நாற்காலி போய்விடும், அதோடு இந்த ஆபீசும் போய்விடும். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

தம்பி

---

மார்ச் 8

தம்பிக்கு,

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. அந்த மேனேஜர் அம்மா கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

இப்போதாவது உன் தங்கக் கோட்டுக் கார்டை எடுத்து நம்பரைப் பார். அது பட்டறை நம்பர். நீ புது நம்பர் வாங்கினாய், பழைய போன் என் மேஜையில் இருக்கிறது. அச்சகத்தில் விலாசத்தை மாற்றச் சொன்னாய், நம்பரை மாற்றச் சொல்லவில்லை. நானூறு பேருக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய், அதுவும் சிரித்துக்கொண்டே, கையைக் குலுக்கி. இதுவரை பதினோரு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். "புதன்கிழமை மீட்டிங்ல கார்டு வாங்கினேன்" என்று ஆரம்பிப்பார்கள். ஏழு வேலை நான் முடித்துக் கொடுத்தேன். நான்கு என்னால் ஆகாதது, வேறு ஆளைச் சொன்னேன். கேட்டவர்களிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

கார்டைப் படி என்று எழுதினேன். படித்தாயா? வாங்கியவர்கள் தடவிப் பார்க்கிறார்கள் என்று பதில் எழுதினாய்.

மேனேஜர் அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். "ஆறு ரூம்ல எது உங்க உயிர வாங்குது?" உடனே கொட்டிவிட்டார். நான்காம் நம்பர் அறை. தினமும் மதியம் மூன்று மணிக்குச் சூடு ஏறுகிறது, நாலரைக்குத் தானாக இறங்குகிறது. இரண்டு கம்பெனி வந்து இரண்டு கம்ப்ரசர் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினேன். எதையும் கழற்றவில்லை. ஒரு காலிப் பெட்டியைப் போட்டு அந்த அறைக்கு எதிரில் காலையிலிருந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்குச் சரக்கு ஏற்றுகிறவர்கள் டீ குடிக்கப் போனார்கள். போகும்போது கதவு சாத்தாமலிருக்க ஒரு மரக்கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்க வராதாம். ஒருமுறை ஒருவர் மாட்டிக்கொண்டாராம், அந்தப் பயம். உள்பக்கக் கைப்பிடியைச் சரிசெய்தேன், தானாக மூடும் ஸ்பிரிங் போட்டேன், நைந்த ரப்பரை மாற்றினேன். கட்டையை மேனேஜர் அம்மா கையில் கொடுத்தேன். பத்து நாளாக அறை அசையவில்லை.

நீ அவரிடம் பதினோரு நிமிடம் பேசினாய். அதில் நான்காம் அறையைப் பற்றி அவர் சொல்ல ஒரு விநாடி விட்டாயா?

ஆறு அறைக்கும் விலை கேட்டிருக்கிறார். கொடுக்கப்போகிறேன். திருட்டு என்று தோன்றினால் தோன்றட்டும். நீ யாரைப் பில் போடுகிறவள் என்றாயோ அவள்தான் கொடுக்கிறாள்.

அக்கா

---

மார்ச் 11

அக்காவுக்கு,

பார்த்தேன். உன் நம்பர்தான்.

நான்கு மாதம் விடியற்காலையில் எழுந்து, சட்டையை இஸ்திரி போட்டு, முகம் தெரியாதவர்களிடம் பல்லைக் காட்டி நான் விதைத்ததை நீ வீட்டில் உட்கார்ந்து அறுத்திருக்கிறாய். ஒரு வரி, ஒரே வரி எழுதியிருந்தால் போதும். "கார்டைப் படி" என்று விடுகதை போட்டாய். சொந்த அக்கா செய்கிற வேலையா இது? அந்தச் சங்கத்தில் நாற்காலி என்னுடையது. ஒரு தொழிலுக்கு ஒரே ஆள். நீ வெளியே நின்றுகொண்டு எத்தனை கதவை வேண்டுமானாலும் சரிசெய்துகொள். நாளை மறுநாள் நான் அந்தக் கிடங்குக்குப் போகிறேன்.

மார்ச் 13

மேலே எழுதியதைக் கிழித்துப்போட நினைத்தேன். இருக்கட்டும், கோபமும் உண்மைதான்.

போனேன். மேனேஜர் அம்மா உட்காரச் சொல்லி "நாலாம் நம்பர் ரூம் சரி பண்ணாங்களே, அந்த அம்மா உங்க கம்பெனில யாரு?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க டெக்னீஷியன், நான்தான் அனுப்பினேன்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கு அவர் "அப்போ சரி. வர்ற புதன்கிழமை உங்க மீட்டிங்குக்கு நான் வர்றேன். ஆறு ரூமும் யாருக்குன்னு அங்கேயே சொல்லிடறேன். அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அக்கா, ஒரே ஒரு நாள். 19ஆம் தேதி காலை. என் விருந்தினராக வந்து என் பக்கத்தில் உட்கார். பேச வேண்டாம். நான் பேசிக்கொள்கிறேன். வேலை வந்ததும் சரிபாதி. நாம் பழையபடி ஒன்றாக இருக்கலாம், ஒரே பெயர்ப்பலகை, அம்மாவுக்கும் நிம்மதி. மாட்டேன் என்றால் அறுபது பேர் முன்னால் நான் பொய்யனாக நிற்பேன்.

தம்பி

---

மார்ச் 15

தம்பிக்கு,

"டெக்னீஷியன்." பில் போடுகிறவளிலிருந்து ஒரு படி ஏறியிருக்கிறேன், சந்தோஷம். அடுத்த நான்கு மாதத்தில் ஃபோர்மேன் ஆகிவிடுவேனோ என்னவோ.

அம்மாவை இதில் இழுக்காதே. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேரும் ஒரே வயித்துலதான் பொறந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு நிம்மதி குறையவில்லை.

வருவேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு உட்கார வரமாட்டேன். உன் சங்கத்துச் செயலாளரை போனில் கூப்பிட்டு விதி கேட்டேன். விருந்தினருக்கும் ஒரு நிமிடம் உண்டாம். அழைத்து வந்தவர் பேசி முடித்ததும் அடுத்தது விருந்தினர். உன் நிமிடத்துக்குப் பிறகு என் நிமிடம். என் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், என்ன தொழில் என்பதையும் நானே சொல்லிவிட்டேன்.

உன் நிமிடத்தில் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையைச் சொன்னால் சொல், உன் குளிரையும் பொறுப்பையும் பற்றிப் பேசினால் பேசு. என் நிமிடத்தில் என்ன பேசுவேன் என்று என்னையும் கேட்காதே.

சரிபாதி வேண்டாம். பழையபடியும் வேண்டாம். பழையபடி எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டு வளைந்த மூலை ரப்பர் கூடுதலாக அனுப்பியிருக்கிறேன், வைத்துக்கொள்.

அக்கா

---

மார்ச் 20

அக்காவுக்கு,

நேற்று நீ என் பக்கம் திரும்பாமல் பஸ் பிடித்துப் போய்விட்டாய். நான் ஓட்டல் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன்.

என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. எட்டு வரி எழுதி வைத்திருந்தேன், கண்ணாடி முன்னால் பேசியும் பார்த்தேன். "இவர் என் அக்கா. நான்காம் அறையைச் சரிசெய்தது இவர். நான் அனுப்பவில்லை" என்பது முதல் மூன்று வரி. எழுந்து நின்றேன். அறுபது முகம். வரிசையில் நிற்கிறானே, அவனும் பின்னால் உட்கார்ந்திருந்தான். "உங்கள் குளிர், எங்கள் பொறுப்பு!" அது தானாக வந்துவிட்டது அக்கா. கைதட்டினார்கள். கடைசியில் உன்னைக் காட்டி "எங்கள் டெக்னீஷியன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நீ எழுந்தாய். முடிந்தது, நம் வண்டவாளம் தண்டவாளம் ஏறப்போகிறது என்று நினைத்தேன். "கதவு ஒழுங்கா சாத்தலைன்னா எத்தனை கம்ப்ரசர் வச்சாலும் பத்தாது. நான் குளிரறை பழுது பார்க்கிறவ, இருபத்தஞ்சு வருஷமா" என்று ஆரம்பித்தாய். மூன்று மணி, மரக்கட்டை, பயந்துபோன ஆட்கள், எல்லாம் ஒரு மூச்சில். "போன வாரம் உங்க இடத்துல எது கெட்டுச்சு? டீ நேரத்துல எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்று முடித்து, மணி அடிப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாய். யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று பார்த்துக்கொண்டார்கள்.

மேனேஜர் அம்மா எழுந்து ஆறு அறையும் உனக்கு என்று சொன்னபோது உன் பெயரைச் சொன்னார், நம் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன்.

நேற்று மதியமே கிடங்குக்குப் போய் எட்டு வரியையும் அவரிடம் படித்தேன். காலம் கடந்துதான். "எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி. முதல் போன்லயே சொன்னாங்க. கார்டு குடுத்தது என் தம்பி, அவருக்கு வேற நம்பர், வேணும்னா தர்றேன், இல்ல எங்கிட்டயே சொல்றீங்களான்னு கேட்டாங்க. நான்தான் அவங்ககிட்டயே சொல்றேன்னேன்" என்றார். கூப்பிட்ட பதினோரு பேரிடமும் நீ இப்படித்தான் கேட்டிருப்பாய் என்று வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை?

உன்னிடம் ஒரு நிமிடம் முழுதாக இருந்தது. நான் செய்ததைச் சொல்லியிருந்தால் நான் இந்த ஊரிலேயே தலைகாட்ட முடியாது. நீ என் பெயரைக்கூட எடுக்கவில்லை. ஏன்? பாசமா? பரிதாபமா? நேற்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

தம்பி

---

மார்ச் 24

தம்பிக்கு,

மேனேஜர் அம்மாவிடம் நீயாகப் போய்ச் சொன்னது நல்லது. அறுபது பேர் முன்னால் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. "எங்கள் டெக்னீஷியன்" என்று நீ கையைக் காட்டினபோது எனக்கு வந்த கோபத்தில் அந்த மேஜையைத் தூக்கியிருப்பேன். இன்னும் அடங்கவில்லை, அடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீயே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாய்.

செயலாளர் கூப்பிட்டார். உன் நாற்காலியை எனக்குத் தருகிறார்களாம். வேண்டாம் என்றேன். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாதே, உனக்காக இல்லை. உன் சூட்டோடு இருக்கிற நாற்காலியில் நான் ஏன் உட்கார வேண்டும்? குளிர்சாதனம் விற்பது ஒரு தொழில், பழுது பார்ப்பது வேறு தொழில், இரண்டுக்கும் தனித்தனி நாற்காலி போடுங்கள், போடாவிட்டால் வரமாட்டேன் என்று சொன்னேன். குழு கூடிப் பேசி ஒத்துக்கொண்டார்கள். நீ விற்பாய். சும்மா சொல்லவில்லை, உனக்கு அது வரும். நின்றுபோன வண்டியைக்கூட ஓடுகிறது என்று விற்றுவிடுவாய். ஆனால் பழுது என்று யாராவது உன்னிடம் கேட்டால் என் நம்பரைக் கொடுக்க வேண்டும். உனக்கு அது ஏற்கெனவே பழக்கம்தான்.

பெயர்ப்பலகை விஷயத்தில் மாற்றமில்லை. இனி என் பலகை தனி. அப்பா பெயருக்குக் கீழே என் பெயரும் என் வேலையும் எழுதக் கொடுத்திருக்கிறேன்.

அன்று டீ நேரத்தில் மூன்று பேரிடம்தான் பேசினேன். பூ ஏற்றுமதி செய்கிறவர், பால் பூத்துகள் வைத்திருப்பவர், பிணவறைப் பொறுப்பாளர். மூவருக்கும் மறுநாளே போன் செய்துவிட்டேன். பிணவறைக்கு நாளை போகிறேன். அங்கேயும் கதவுதான் தகராறு.

நீ கேட்ட கேள்வி. பாசமும் இல்லை, பரிதாபமும் இல்லை. இருபத்தைந்து வருடம் ஸ்பேனர் பிடித்து, முதல் தடவையாக அறுபது பேர் முன்னால் நான் யார் என்று நானே சொல்ல எனக்குக் கிடைத்தது ஒரு நிமிடம். அதில் ஒரு விநாடியைக்கூட நான் ஏன் உனக்குக் கொடுக்க வேண்டும்?

அக்கா